பெயர் வைக்கும் முன் நாலு பேர் காதில் போட்டுப் பாருங்கள்

"உங்கள் குண்டி திறந்திருக்கிறது. உடனே கவனிக்கவும்."

ஒலிப்பதிவு அறைக்குள் நின்றுகொண்டு ஒரு குரல் கலைஞர் இந்த வரியை ஆறு முறை படித்தார். ஆறு முறையும் 'திறந்' வரைக்கும் வந்து சிரித்துவிட்டார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் உட்கார்ந்திருந்தேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை. 'இந்தப் பெயரால் தமிழில் சிக்கல் எதுவும் இல்லை' என்று மூன்று வாரம் முன்னால் எழுதிக் கொடுத்தவள் நான்தான்.

நடந்தது இதுதான். ஒரு நிறுவனம் கதவுப் பூட்டுக்கு ஒரு செயலி செய்தது. கதவு சாத்தாமல் இருந்தால் கைபேசி பேசும். அதற்கு இந்தியில் தாழ்ப்பாளுக்கு இருக்கும் சொல்லையே பெயராக வைத்திருந்தார்கள். தாழ்ப்பாள் இந்தியில் 'குண்டி'. என்னிடம் வந்த பட்டியலில் அந்தப் பெயர் ஆங்கில எழுத்தில், அதுவும் இரண்டு 'ஓ' போட்டு இருந்தது. நான் அதைக் 'கூண்டி' என்று படித்தேன். கூண்டு சம்பந்தமாக ஏதோ வைத்திருக்கிறார்கள், பூட்டுக்குப் பொருத்தம்தான் என்று டிக் அடித்துவிட்டேன். வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கவில்லை. நீங்கள் இதை எப்படிச் சொல்வீர்கள் என்று அவர்களைக் கேட்கவும் இல்லை.

என் தொழில் மொழிபெயர்ப்பு. இப்படிப் பெயர்களைச் சோதித்துக் கொடுப்பது அதோடு ஒட்டி வந்த வேலை. அந்த ஒலிப்பதிவு நாளுக்குப் பிறகு நான் வைத்துக்கொண்ட முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். கடைக்கோ, செயலிக்கோ, பொருளுக்கோ பெயர் தேடுகிறவர்களுக்கு உதவும். குழந்தைக்குப் பெயர் தேடுகிறவர்கள் கடைசிப் பகுதியைப் படித்தால் போதும்.

முதல் வேலை, எழுத்தை மூடி வைத்துவிட்டு ஒலியைக் கேட்பது. பெயர் வைத்தவரிடமே ஒரு குரல் பதிவு அனுப்பச் சொல்லுங்கள். ஆங்கில எழுத்தில் பார்த்தால் நம்முடைய ல, ள, ழ மூன்றும் ஒன்றாகிவிடும். ண, ந, ன மூன்றும் ஒன்றாகிவிடும். குறில் நெடில் காணாமல் போகும். கன்னடத்தில் 'ஹேளு' என்றால் சொல். அதே இடத்தில் 'ள'வை 'ல' ஆக்கி 'ஹேலு' என்றால் மலம். கன்னடம் கற்கத் தொடங்குகிறவர்கள் இதில் ஒரு முறையாவது வழுக்கி விழுவார்கள். ஆங்கில எழுத்தில் இரண்டுக்கும் ஒரே வடிவம்தான்.

தமிழ் எழுத்தில் எழுதினால் வேறு மாதிரித் தொல்லை. நமக்கு ஒரே 'க', ஒரே 'ப'. இந்தியில் மலருக்கு உள்ள சொல்லில் 'ப'வோடு ஒரு மூச்சுக் காற்றும் சேர்ந்து வரும். தமிழ் எழுத்தில் போடும்போது அந்தக் காற்று போய்விடும். மிச்சம் நிற்பதை நான் இங்கே எழுதப் போவதில்லை. நீங்களே சொல்லிப் பார்த்துக்கொள்ளுங்கள், பக்கத்தில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து.

ஒலி கிடைத்ததும் மூன்று விதமாகச் சொல்லிப் பாருங்கள்: நிதானமாக, வேகமாக, எதிர்ப்பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிடுவது போல உரக்க. எந்த அசையில் அழுத்தம் விழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அழுத்தம் பெரிய விஷயம். ஷெவர்லே நோவா கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஸ்பானிஷ் மொழியில் 'நோ வா' என்றால் 'போகாது', அதனால் அந்தக் கார் அங்கே விலை போகவில்லை என்று விளம்பரத் துறையில் இருக்கும் எல்லோரும் சொல்வார்கள். கதை பொய். மெக்சிகோவிலும் வெனிசுவேலாவிலும் அந்தக் கார் நன்றாகவே விற்றது. மெக்சிகோ அரசின் பெமெக்ஸ் நிறுவனம் 'நோவா' என்ற பெயரிலேயே பெட்ரோல் விற்றது. காரணம் எளிது. 'நோவா'வில் அழுத்தம் முதல் அசையில், 'நோ வா'வில் இரண்டாவதில். கேட்பவர் காதில் இரண்டும் ஒட்டாது. நம் இலக்கண ஆசிரியர்கள் பிரிமொழிச் சிலேடைக்குப் 'பலகை'யை எடுத்துக்காட்டுவார்கள். பலகை, பல கை. அதற்காக மரப்பலகையைப் பார்த்ததும் யாருக்காவது நிறையக் கைகள் நினைவுக்கு வருகின்றனவா?

ஆனால் இணைய முகவரியில் சிலேடை நிஜமாகவே வேலை செய்யும், ஏனென்றால் அங்கே சொற்களுக்கு நடுவில் இடைவெளி கிடையாது. 'எக்ஸ்பர்ட்ஸ் எக்ஸ்சேஞ்ச்' என்ற தளம் தன் முகவரியை ஒட்டி எழுதியபோது, நிபுணர்கள் பரிமாறும் இடம் பால்மாற்று நிபுணரின் இடமாகத் தெரிந்தது. பிறகு நடுவில் ஒரு கோடு போட்டுக்கொண்டார்கள். பேனா விற்ற 'பென் ஐலண்ட்' கதை இன்னும் மோசம். பெயரை ஒட்டி எழுதி, வேறு எங்கெங்கே வெட்டலாம் என்று பார்ப்பதற்கு ஐந்து நிமிடம் போதும். காளமேகம் இருந்திருந்தால் இதையே தொழிலாக வைத்துக்கொண்டிருப்பார்.

அடுத்து, எந்தெந்த மொழியில் தேடுவது? எல்லோரும் உடனே ஜப்பானியத்துக்கும் ஸ்பானிஷுக்கும் ஓடுகிறார்கள். நான் முதலில் சொந்தக்கார மொழிகளைப் பார்ப்பேன். முன்பின் தெரியாத மொழியில் சொல் ஒத்துப்போவது தற்செயல். உறவு மொழியில் அதே சொல் வேறு வீட்டுக்குக் குடிபோய் வேறு ஆளாகியிருக்கும். கேட்பவருக்கு அது அந்நியச் சொல்லாகவே தோன்றாது, தன் மொழிப் பொருளில்தான் புரியும். ஆபத்து அங்கேதான்.

'பனி'யை எடுத்துக்கொள்ளுங்கள். நமக்குக் குளிர்ச்சி. மலையாளத்தில் காய்ச்சல், தெலுங்கில் வேலை, கொஞ்சம் நீட்டினால் இந்தியில் தண்ணீர். 'அவசரம்' தமிழிலும் கன்னடத்திலும் ஓட்டம், தெலுங்கில் தேவை, மலையாளத்தில் வாய்ப்பு. மலையாளி ஒருவர் "இது நல்ல அவசரம்" என்றால் பதறாதீர்கள், வாய்ப்பு வந்திருக்கிறது என்கிறார். மலையாளத்தில் 'வெள்ளம்' கேட்பவருக்கு ஒரு டம்ளர் போதும். 'சம்சாரம்' நமக்கு மனைவி, மலையாளத்தில் பேச்சு, இந்தியில் கிட்டத்தட்ட அதே சொல் உலகம். (மூன்றும் ஒன்றுதான் என்று என் தோழி ஒருத்தியின் கணவர் சொல்வார்.) எனக்குப் பிடித்தது 'சிக்ஷா'. இந்தியில் கல்வி. தெலுங்கிலும் மலையாளத்திலும் தண்டனை, கன்னடத்தில் 'சிக்ஷெ' என்றாகி அதே தண்டனை. பாடம் சொல்லித்தரும் செயலிக்கு இந்தப் பெயரோடு என்னிடம் இதுவரை இரண்டு பேர் வந்துவிட்டார்கள்.

சொந்தக்காரர்கள் இப்படித்தான் எங்கும். செக் மொழியில் 'ஊஜஸ்னி' அற்புதம், ரஷ்யத்தில் 'உஜாஸ்னி' பயங்கரம். செக்கில் 'பொஸோர்' என்று பலகை இருந்தால் 'கவனம்' என்று பொருள், ரஷ்யர் கண்ணுக்கு அது 'வெட்கக்கேடு'. மலேசியாவில் 'பெர்ச்சுமா' என்றால் இலவசம், இந்தோனேசியாவில் வீண். இலவசம் என்று எழுதி வைத்து, வீண் என்று படிக்கவைப்பதை விட மோசமான விளம்பரம் உண்டா? 'புதுஹ்' இந்தோனேசியாவில் 'தேவை', மலேசியாவில் சொல்லக்கூடாத உறுப்பு. இந்த இரண்டும் ஒரே மொழிதானே என்று ஒரே ஆளை வைத்துச் சோதித்தால் மாட்டிக்கொள்வீர்கள்.

அதற்குப் பிறகு தூரத்து மொழிகள். பொருள் எங்கே விற்கப்போகிறதோ அந்த மொழிகளும், இணையத்தில் விற்பதென்றால் ஸ்பானிஷ், போர்த்துகீசு, பிரெஞ்சு, அரபு, மலாய், ஜப்பானியமும் போதும். கார்க் கம்பெனிகள் இதில் வாங்கிய அடி நமக்கெல்லாம் பாடப் புத்தகம். மிட்சுபிஷி தன் 'பஜேரோ'வுக்குத் தென்னமெரிக்கக் காட்டுப் பூனை ஒன்றின் அறிவியல் பெயரிலிருந்து பெயர் எடுத்தது. ஸ்பானிஷ் கொச்சையில் அது சுயஇன்பம் செய்பவன். அதனால் அந்த நாடுகளில் வண்டியின் பெயர் 'மொண்டேரோ'. ஹூண்டாய் 'கோனா' போர்த்துகலில் 'கவாய்' ஆனது, அங்கே 'கோனா' பெண்ணுறுப்புக்கான கெட்ட வார்த்தை. டொயோட்டாவின் 'எம்ஆர் 2' வேறு ரகம். ஆங்கிலத்தில் வெறும் எழுத்தும் எண்ணும். பிரெஞ்சுக்காரர் எண்ணைத் தன் மொழியில் சொன்னால் 'எம்-எர்-தூ' என்று வந்து, மலத்துக்கு அவர்கள் சொல்லும் சொல்லில் போய் முட்டுகிறது. பிரான்சில் 2 போய் வெறும் 'எம்ஆர்' நின்றது. பெயரில் எண் இருந்தால் அதையும் அந்தந்த மொழியில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பதை நான் இதிலிருந்துதான் கற்றுக்கொண்டேன்.

இனி மேசை வேலை. விக்சனரி என்ற இணைய அகராதியில் பெயரை ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். அதன் வசதி என்னவென்றால், அதே எழுத்துக்கூட்டு எந்தெந்த மொழியில் இருக்கிறதோ அத்தனையும் ஒரே பக்கத்தில் வரிசையாக வரும். பழகிக்கொள்ள 'அண்டா'வைத் தட்டிப் பாருங்கள், 'டி'யோடு நான்கு எழுத்து. நமக்குப் பெரிய பாத்திரம். மலாயில் மரியாதையான 'நீங்கள்'. ஸ்பானிஷில் 'நட'. இந்தியில் இதே ஒலி முட்டை. ஆங்கில எழுத்துக் கூட்டுகளை மாற்றி மாற்றியும் தேட வேண்டும். 'சி'க்குப் பதில் 'கே', 'ஒய்'க்குப் பதில் 'ஐ' என்று. ஸ்பானிஷில் 'பி', 'வி' இரண்டுக்கும் ஒரே ஒலி, அதையும் மாற்றிப் பாருங்கள். பிறகு படத் தேடலில் போடுங்கள். அகராதி மறைப்பதைப் படங்கள் காட்டிக் கொடுத்துவிடும். அலுவலகத்தில் வைத்துச் செய்ய வேண்டாம். உச்சரிப்பு சந்தேகமாக இருந்தால் ஃபோர்வோ என்ற உச்சரிப்புத் தளத்தில் அந்தந்த மொழிக்காரர்கள் சொல்லிப் பதிந்திருப்பார்கள். தானியங்கி மொழிபெயர்ப்பை மட்டும் நம்பாதீர்கள், கொச்சையில் அது பச்சைக் குழந்தை.

இதெல்லாம் செய்தும் பாதிதான் முடிந்தது. மீதிப் பாதி மனிதர்கள்.

ஒரு மொழிக்கு மூன்று பேர் வேண்டும். வெவ்வேறு வட்டாரம், வெவ்வேறு வயது, அதில் ஒருவர் கட்டாயம் பள்ளி வயது. கெட்ட வார்த்தை வருஷா வருஷம் புதிதாக முளைக்கிறது, அது முதலில் எட்டுவது அவர்கள் காதில்தான். தமிழுக்கு என்னிடம் என் அண்ணன் மகன் இருக்கிறான், வயது பதினாறு. நான் இரண்டு நாள் உட்கார்ந்து பார்த்துச் சரி என்று முடிவு செய்த பெயரை, "அத்தை, இதையா வைக்கப் போறாங்க?" என்று ஒரே கேள்வியில் கவிழ்த்திருக்கிறான். என்ன என்று கேட்டால் சொல்ல மாட்டான். காது சிவக்கும். அதுவே எனக்குப் போதுமான அறிக்கை.

எப்படிக் கேட்பது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். "இதில் தப்பாக ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்கவே கேட்காதீர்கள். மரியாதைக்கு "இல்லையே" என்பார்கள், இல்லையென்றால் சம்பந்தமே இல்லாமல் எதையாவது தோண்டி எடுப்பார்கள். எழுத்தையும் காட்டாதீர்கள். தொலைபேசியில் கூப்பிட்டுப் பெயரை மட்டும் சொல்லி, "இதை எப்படி எழுதுவீங்க?" என்று கேளுங்கள். அவர் எழுதுவது ஒன்று, நீங்கள் நினைத்தது ஒன்று என்றால் அங்கேயே விஷயம் இருக்கிறது. அடுத்து, "கேட்டதும் என்ன ஞாபகம் வந்தது?" கடைசியாக, "இந்தப் பெயரில் ஒரு பையன் வகுப்பில் இருந்தால் என்ன பட்டப்பெயர் வைப்பாங்க?" இந்தக் கடைசிக் கேள்விக்கு எல்லோரும் குஷியாகப் பதில் சொல்வார்கள். எனக்கு உருப்படியாகக் கிடைத்த எச்சரிக்கைகள் பெரும்பாலும் இதில் வந்தவைதான். பதிலுக்கு முன்னால் வரும் மௌனத்தையும் கவனியுங்கள். அரை நொடி தாமதித்து "நல்லா இருக்கு" என்றால் நல்லா இல்லை.

கிடைத்ததையெல்லாம் வைத்து முடிவு எடுக்க வேண்டும். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் எதற்கெடுத்தாலும் சிவப்புக் கொடி காட்டுவார்கள். உலகில் ஆறாயிரம் மொழிக்கு மேல் இருக்கின்றன, இரண்டு அசையில் எந்தப் பெயர் வைத்தாலும் எங்கேயாவது எதையாவது குறிக்கத்தான் செய்யும். 'கலா' ஃபின்னிஷில் மீன். அதனால் என்ன? மீன் நல்ல பிராணி. உடல் உறுப்பு, கழிவு, படுக்கையறை, சாவு, நோய், வசவு இந்த ஆறில் விழுந்தால் மட்டும் நான் நிறுத்துவேன். அதிலும் பொருளைப் பார்க்க வேண்டும். மலாயில் 'மாதி' என்றால் சாவு. நம்முடைய 'மதி'யை ஆங்கிலத்தில் 'ஹெச்' விட்டுவிட்டு எழுதினால் அதே எழுத்துகள். நோட்டுப் புத்தகத்துக்குப் போகட்டும் என்று விடலாம், மருந்துக்கு விட முடியாது. ஒரு விளக்குக்கு இந்தப் பெயரோடு வந்தார்கள். விளக்குதானே என்று நினைத்தேன். மலாய்க்காரர் சிரித்தார்: விளக்கு அணைந்து போவதற்கும் அவர்கள் 'மாதி' என்றுதான் சொல்வார்களாம்.

துணிந்து வைத்துக்கொண்டவர்களும் உண்டு. விளக்கு செய்யும் ஓஸ்ராம், ஆஸ்மியம், வுல்ஃப்ராம் என்ற இரண்டு உலோகப் பெயர்களைச் சேர்த்து 1906இல் பதிவான பெயர். போலிஷ் மொழியில் அது 'மேலே மலம் கழிப்பேன்' என்று ஒலிக்கிறது. நூறு வருஷத்துக்கு மேலாகப் பெயர் அப்படியே இருக்கிறது. ஆடி கார் நிறுவனத்தின் 'இ-ட்ரான்' பிரெஞ்சில் மலக்கட்டிக்கு இருக்கும் சொல்லோடு ஒத்துப்போகிறது, அவர்களும் மாற்றவில்லை. ஆப்பிளின் சிரி 2011இல் வந்தது. நார்வேயில் அது பெண்களுக்கு வைக்கும் பெயர், ஜப்பானியக் காதில் பிட்டம், நமக்கோ 'சிரி' என்று கட்டளை. அதிர்ஷ்டசாலிகள் நாம்தான். பெரிய பெயர் தாங்கும், நேற்று முளைத்த பெயர் தாங்காது. உங்களுடையது இரண்டாவது ரகம் என்று வைத்துக்கொண்டே முடிவெடுங்கள்.

மாற்றுவதென்றாலும் முழுப் பெயரையும் தூக்கிப் போட வேண்டியதில்லை. கதை சொல்லும் செயலி ஒன்றுக்குப் 'பாட்டி' என்று பெயர் வைத்து, ஆங்கிலத்தில் ஒரே ஒரு 'ஏ' போட்டிருந்தார்கள். மலையாளத்தில் 'பட்டி' என்றால் நாய். நான் கேட்ட மலையாள அம்மா ஒருவர், "நாய்க் கதைகளா? என் பேரனுக்கு ரொம்பப் பிடிக்குமே" என்றார். இன்னொரு 'ஏ' சேர்த்தோம், வேலை முடிந்தது. ஜப்பானின் 'கல்பிஸ்' பானம் அமெரிக்காவில் 'கல்பிகோ' ஆனதும் இதே வைத்தியம். அங்கே பழைய பெயர் பசுவின் மூத்திரம் போலக் கேட்டது. ஒசாகாவில் இருக்கும் கின்கி பல்கலைக்கழகம், 'கின்கி' ஆங்கிலத்தில் விபரீதக் காம ஆசையாகப் பொருள்படுவதால், 2016இல் ஆங்கிலப் பெயரை மட்டும் 'கிண்டாய்' என்று மாற்றிக்கொண்டது. ஜப்பானியப் பெயரைத் தொடவில்லை.

ஆட்களின் பெயருக்கு இந்தச் சட்டம் எதுவும் பொருந்தாது. குழந்தைக்குப் பிடித்த பெயரை வையுங்கள். மாலா ஸ்பானிஷில் கெட்டவள், மீரா 'பார்!', பாலா துப்பாக்கிக் குண்டு. உமா ஜப்பானியத்தில் குதிரை, ஹரி ஊசி. மணி இத்தாலியில் கைகள். கனி நமக்குப் பழம், ஜப்பானில் நண்டு, ஃபின்லாந்தில் முயல். ரவிக்கு மட்டும் யோகம், பிரெஞ்சில் மகிழ்ச்சியில் திளைப்பவன். அந்த ஊர்களுக்குப் போகும்போது பெயரோடு சேர்த்துப் பொருளையும் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். "நான் மாலா, உங்கள் மொழியில் என்ன அர்த்தம் என்று தெரியும்" என்று சொல்லிக் கை குலுக்கிவிட்டால், அப்புறம் முதுகுக்குப் பின்னால் சிரிக்க ஒன்றும் மிச்சம் இருக்காது.

எதிர்ப்பக்கத்துக்கும் ஒரு பயிற்சி உண்டு. தாய்லாந்தில் ஆண்களின் பெயருக்கு முன்னால் 'திரு' என்பதற்கு 'நாய்' என்று போடுவார்கள், அச்சு அசல் நம் நாயின் ஒலியேதான். தாய்லாந்துப் பெண்கள் பெயரில் வரும் 'பொன்' வரம் என்ற சொல்லிலிருந்து வந்தது, ஆங்கில எழுத்தில் அதை ஆபாசப் படத்துக்கான சொல்லாகவே எழுதுகிறார்கள். வியட்நாமில் 'ஃபுக்' நல்வாழ்வு, 'யூங்' வீரம், இதையும் ஆங்கில எழுத்தில் பார்த்தால் சாணி. கூட்டத்துக்கு வருபவர்களின் பட்டியலை முதல் நாள் ராத்திரியே வாங்கி, வீட்டில் வாய்விட்டுப் படித்து, சிரிக்க வேண்டியதை அங்கேயே சிரித்து முடித்துவிடுங்கள். பத்து முறை சொன்னால் எந்தப் பெயரும் பெயராகிவிடும். தாய்லாந்து அதிகாரிகள் ஒன்பது பேருக்கு நான் அப்படித்தான் பழகிக்கொண்டு போனேன்.

பூட்டுச் செயலிக்கு என்ன ஆயிற்று என்று சொல்லவில்லையே. தமிழ்ப் பதிப்புக்கு மட்டும் பெயரை மாற்ற ஒப்புக்கொண்டார்கள். 'அன்பிற்கும் உண்டோ அடைக்குந்தாழ்' என்று வள்ளுவர் எடுத்துக் கொடுத்திருக்கிறார், 'தாழ்' என்றே வைத்தோம். இந்த முறை ஒழுங்காகச் சோதித்தேன். மலையாளத்திலும் 'தாழ்' என்றால் பூட்டுதான். இந்திக்காரர்களுக்கு 'ழ' வராது, ஆனால் அவர்கள் சொல்லும்போது பூட்டுக்கு அவர்களுடைய 'தாலா'வுக்குப் பக்கத்திலேயே வந்து நிற்கிறது. குரல் கலைஞர் "உங்கள் தாழ் திறந்திருக்கிறது" என்று ஒரே மூச்சில் பேசி முடித்தார். பழைய வரி இருந்த தாளைக் கிழித்துப் போடக் கேட்டேன். தரவில்லை, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.